மூன்றாவது வகைப் பாறை

நத்தைக்குன்று அரசு உயர்நிலைப் பள்ளியில் தபித்தாள் டீச்சர் ஒன்பதாம் வகுப்புக்குத் தீப்பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்திய செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பீரியடில், ஊருக்கு மேற்கே கிடந்த மலை சூடானது. புகையவில்லை, வெடிக்கவில்லை, உருகி ஓடவும் இல்லை. அடிவாரத்தில் கை வைத்தால் எடுக்க மனம் வராத இளஞ்சூடாகவும், ஏற ஏறக் கூடிக்கொண்டே போய், உச்சிக்கருகில் தண்ணீர் தெளித்தால் சீறுகிற சூடாகவும் அது இருந்தது. அந்தச் சூடு அன்று சாயங்காலமும் ஆறவில்லை, மறுநாளும் ஆறவில்லை, ஆடி மாதம் முழுக்க ஆறவில்லை.

தபித்தாளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. தெற்கே தேரிக்காட்டுச் செம்மணலில் பிறந்து, இடறி விழக்கூட ஒரு கல் இல்லாத ஊரில் வளர்ந்து, சமூக அறிவியல் ஆசிரியையாகி, ஐந்து ஊர்களுக்கு மாற்றலாகி, அந்த ஜூன் மாதம்தான் நத்தைக்குன்றுக்கு வந்து சேர்ந்திருந்தாள். பதினாறு வருடமாகப் பாறைகளைப் பற்றி நடத்தியிருந்தாலும் ஒரு கல்லையாவது கையில் எடுத்துக் காட்டியவள் இல்லை. புத்தகத்தில் இருந்த படம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. போர்ஷனை முடிப்பது, விடைத்தாள் திருத்துவது, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வது என்று வாழ்ந்தவள். யாரோடும் சண்டையில்லை, யாரோடும் ஒட்டுதலும் இல்லை. ஆனால் மலையையே பாளம் பாளமாக அறுத்து லாரியில் ஏற்றி அனுப்புகிற ஊரில் கல்லைப் பற்றிக் கல் இல்லாமல் பேசுவது அவளுக்கே கூச்சமாக இருந்ததால், ஆளுக்கொரு கல் கொண்டுவாருங்கள் என்று திங்கட்கிழமையே சொல்லி அனுப்பியிருந்தாள்.

முப்பத்தேழு பிள்ளைகள் முப்பத்தேழு கல்லை மேசையில் குவித்தார்கள். தபித்தாள் ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தாள்.

“பூமிக்கு உள்ளே, நினைச்சுப் பார்க்க முடியாத ஆழத்துல, இந்தக் கல்லு ஒரு காலத்துல குழம்பாக் கொதிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. அதுக்குப் பேரு மாக்மா. அது மேல வந்து, கொஞ்சங்கொஞ்சமா ஆறி, இறுகி, இப்படி ஆச்சு. நெருப்புல பிறந்ததால இது தீப்பாறை.”

சொல்லி முடிக்கும்போதே கை சுட்டது. கல்லை மேசையில் வைத்தாள். மேசையிலிருந்த மற்றக் கற்களும் சூடேறி, வார்னிஷ் தீயும் வாசனை வகுப்பெங்கும் பரவியது. முதல் வரிசைப் பெண்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். எடுத்த பாடத்தைப் பாதியில் விடும் பழக்கம் இல்லாத தபித்தாள், கற்களின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, எழுந்த ஆவிக்கு நடுவிலேயே கரும்பலகையில் கிரானைட் என்றும் பசால்ட் என்றும் எழுதிப்போட்டு, மணி அடிக்கும்வரை நடத்தினாள். அதே நேரத்தில் குவாரியில் துளை போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் செருப்பு இளகி ஒட்டிக்கொண்டதால் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு குதித்து ஓடிவந்தார்கள்.

முதல் மூன்று நாள் ஊர் பயந்தது. நான்காம் நாள், எவளோ ஒருத்தி கூழ்வற்றலை அடிவாரப் பாறையில் பிழிந்துவிட்டு வந்தாள். ஒரு மணி நேரத்தில் அது கலகலவென்று காய்ந்துகிடந்தது. அதற்குப் பிறகு பயப்பட யாருக்கும் நேரமில்லை. மிளகாய் காய்ந்தது, மல்லி காய்ந்தது, சலவைத் துணி காய்ந்தது. பிள்ளை பெற்றவர்கள் இடுப்பைச் சாய்த்து ஒத்தடம் வாங்கினார்கள், முடக்குவாதக்காரர்கள் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வாடகை ஆட்டோவில் வந்து இறங்கினார்கள், ஆடுகள் பகலெல்லாம் அங்கேயே அசைபோட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தன, டீக்கடை பாய்லரை விற்றுவிட்டு மலையடிக்கு இடம் மாறியது, பஸ் கண்டக்டர் நத்தைக்குன்று என்று கத்துவதை விட்டுவிட்டுச் சுடுகல் சுடுகல் என்று கத்தினார், அதற்கும் ஆட்கள் இறங்கினார்கள். கனிமத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து, நீளமான வெப்பமானியைப் பாறை வெடிப்பில் சொருகி எடுத்து, ‘இயல்பை விட அதிகம்’ என்று எழுதிக்கொண்டு, யாரோ நீட்டிய வற்றலைக் கடித்தபடி ஜீப்பில் ஏறிப் போனார்.

குவாரி வேலைதான் நின்றுபோனது. அதற்கும் இரண்டு வாரத்தில் வழி பிறந்தது. குவாரி மேனேஜர் நல்லதம்பி எந்தச் சூழ்நிலையிலும் கையைக் கட்டிக்கொண்டு உட்காராத ஆள். மேல்தட்டில் அறுத்து விட்டிருந்த பள்ளங்களில் தண்ணீர் நிரப்பி நெல்லைக் கொட்டிப் பார்த்தார். விறகு இல்லாமல், புகை இல்லாமல், நெல் அவிந்தது. சுற்றியிருந்த அத்தனை அரிசி ஆலைகளிலிருந்தும் மூட்டைகள் வந்தன. கல் உடைத்த ஆட்கள் நெல் கிளறினார்கள். காது அடைக்கும் வெடிச்சத்தம் இல்லை, தூசி இல்லை, இருமல் இல்லை, யார் தலையிலும் எதுவும் விழவில்லை. இப்படியே இருந்துவிட்டால் தேவலை என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். அப்படி நினைத்த பிறகுதான், பாடப் புத்தகத்தில் பாறைகள் மூன்று வகை என்று போட்டிருப்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. தலைமை ஆசிரியர் அருள்வாசகம் புத்தகத்தைப் பிரித்து, அடுத்த பக்கத்தை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். படிவுப் பாறைகள் நீரால் உண்டாகின்றன என்று வந்த இடத்தில் ஊர்ப் பெரியவரான அம்பலம் கையைத் தூக்கினார்.

“அம்புட்டுத் தண்ணி வந்தா ஊரு எங்கிட்டுப் போறது?”

“அதுக்கு அடுத்தது என்ன சார் போட்டிருக்கு?” என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

“உருமாறிய பாறைகள்.”

“கல்லு மட்டுந்தான் உருமாறுமா, நாமளுமா?”

தீப்பாறைகளுக்குப் பிறகு உள்ள பக்கங்கள் மறு உத்தரவு வரும்வரை நடத்தப்பட மாட்டா என்று தீர்மானம் எழுதப்பட்டது. அருள்வாசகம் அதன் நகலைத் தபித்தாளிடம் கொடுத்து, “உங்களுக்கும் நல்லதுதான் டீச்சர்” என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கும் அது நல்லதாகத்தான் இருந்தது. நாலு வருடமாக வலித்த முழங்கால், சாயங்காலம் அரை மணி நேரம் அடிவாரப் பாறையில் நீட்டி உட்கார்ந்ததில் வலிப்பதை மறந்திருந்தது. வீட்டுக்காரம்மா வற்றல் டப்பாவைத் தானே கொண்டுவந்து வைத்தாள். தெருவில் போனால், “நம்ம டீச்சரு” என்றார்கள். ஐந்து ஊர்களில் ஒருவரும் அவளை அப்படிச் சொன்னதில்லை.

அந்தப் பள்ளியில் சத்துணவு சமைத்தவள் பஞ்சவர்ணம். முப்பத்தாறு வயது, உயரமானவள், பேச்சுக் குறைவு. தினமும் பெரிய பொட்டு வைத்துக்கொண்டு வருவாள். ஆனால் ஊரில் எந்த விசேஷத்துக்கும் அவளை யாரும் வெற்றிலை வைத்து அழைப்பதில்லை என்பதைத் தபித்தாள் கவனித்திருந்தாள், காரணம் கேட்டதில்லை. ஆவணி பிறந்த வாரத்தில் ஒருநாள், பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு, பஞ்சவர்ணம் தட்டுகளை அடுக்கிவிட்டுத் தபித்தாளின் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“அந்த ரெண்டாவது கல்லு என்ன செய்யும் டீச்சர்?”

“படிவுப் பாறையா? பெரிய பாறை வெயில்லயும் மழையிலயும் உதிர்ந்து மணலாகும். தண்ணி அதைக் கொண்டுபோய் ஓரிடத்துல சேர்க்கும். அடுக்கு அடுக்காப் படிஞ்சு, மேல இருக்கிற பாரத்துல இறுகிக் கல்லாகிப்போகும்.”

“ஊடால ஏதாச்சும் மாட்டிக்கிட்டா?”

“அச்சுப் பிடிச்சாப்ல உள்ளேயே இருக்கும். மீன், எலை, சிப்பி. அதுக்குப் புதைபடிவம்னு பேரு. தீப்பாறையில அது இருக்காது. இதுல மட்டுந்தான்.”

“மனுசன்?”

தபித்தாள் டிபன் பாக்ஸை மூடினாள். “அதுக்கெல்லாம் லட்சக்கணக்கான வருசம் ஆகும் பஞ்சவர்ணம்.”

“மலை ஆறுறதுக்கு எம்புட்டு வருசம் ஆச்சு?”

“கோடிக்கணக்குல.”

“அது ஒரு பீரியடுல திரும்பச் சூடாயிருச்சுல்ல.”

பிறகு அவளே சொன்னாள். ஒன்பது வருடத்துக்கு முன், ஒரு மத்தியானம், குவாரிக்கும் கண்மாய்க்கும் நடுவில் மலைபோல் கொட்டி வைத்திருந்த கழிவுக் கல் மேடு சரிந்தது. அவள் புருசன் வெள்ளைக்கண்ணு குவாரியில் துளை போடுகிறவன். அன்றைக்குச் சோற்றுப் பாத்திரத்தோடு நிழலுக்கு அந்த மேட்டடிக்குப் போவதை அவள் கண்மாய்க் கரையில் துவைத்துக்கொண்டே பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. நல்லதம்பி வந்து, மேட்டுக்கடியில் ஆள் யாரும் இல்லை, வெள்ளைக்கண்ணு கேரளா பஸ்ஸில் ஏறிப் போனதை நானே பார்த்தேன் என்றார். அங்கே அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சேர்த்துச் சொன்னார்கள். மேட்டின் மேல் மறுபடியும் ஒன்பது வருடம் கல் கொட்டினார்கள்.

“தாலி அறுத்தவளும் இல்ல, வாழுறவளும் இல்ல. ஓடிப்போனவன் பொண்டாட்டி. அவ்வளவுதான் எம் பேரு.”

“அங்க ஒண்ணும் இல்லாமப் போயிட்டா?” என்று தபித்தாள் மெதுவாகக் கேட்டாள். “நிசமாவே அவர் போயிருந்தா?”

“போயிட்டார்னு தெரிஞ்சுபோகும். எனக்கு ரெண்டுல ஒண்ணு போதும் டீச்சர்.”

தபித்தாள் அதற்குச் சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் அவள் குடியாட்சியைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் நடத்தினாள். தினமும் சாயங்காலம் முழங்காலை நீட்டி உட்கார்ந்து, இந்தச் சூடு போனால் நெல் என்னவாகும், ஆட்கள் என்ன செய்வார்கள், பக்கத்தில் ஒத்தடத்துக்குப் படுத்திருக்கும் கிழவரின் முதுகு என்னவாகும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து கழிவுக் கல் மேடு நேராகத் தெரிந்தது. முதலில் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தாள். காலை நீட்டத் தோதாக இல்லை. பிறகு மலைக்குப் போவதையே நிறுத்தினாள். முழங்கால் திரும்ப வலிக்கத் தொடங்கியபோது, அந்த வலி அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பதின்மூன்றாம் நாள் வியாழக்கிழமை. அருள்வாசகம் கூட்டத்துக்காக வெளியூர் போயிருந்தார். மூன்றாம் பீரியடில் தபித்தாள் வகுப்பின் ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்து, சமையலறை வரை கேட்கும் குரலில், “பக்கம் முப்பத்தாறை எடுங்க” என்றாள்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் எடுத்தார்கள்.

“ஆறிப்போன பாறையை வெயில் பிளக்கும், மழை அரிக்கும்,” என்று அவள் தொடங்கினாள். அந்த வாக்கியத்திலேயே மலை ஆறியது. வானத்தில் மேகம் எதுவும் இல்லை. ஆனாலும் மழை பெய்தது, மற்ற இடமெல்லாம் வெயில் அடிக்க, கழிவுக் கல் மேட்டின் மேல் மட்டும் நிதானமாக, நெடுநாள் பெய்து பழகிய மழையைப் போலப் பெய்தது. லாரியளவு இருந்த பாளங்கள் முனை மழுங்கின, உருண்டன, சல்லியாயின, மணலாயின. மணலைச் செந்நீர் சுமந்துகொண்டு மேட்டைச் சுற்றிச் சுற்றி ஓடியது, ஓடிய இடத்திலேயே இறக்கிப்போட்டது, பருமணல் ஒரு வரிசை, பொடிமணல் ஒரு வரிசை, களிமண் ஒரு வரிசை என்று ஒன்றன்மேல் ஒன்றாக, பெட்டியில் மடித்து வைத்த சேலைகளைப் போலப் படிந்துகொண்டே வந்தது. தண்ணீர் தெருவரை வந்து கணுக்காலை நனைத்துவிட்டு நின்றது.

அரைகுறையாக அவிந்த நெல்லை விட்டுவிட்டு ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தார்கள். அம்பலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“நிப்பாட்டுங்க டீச்சர்! நிப்பாட்டுங்கன்னா!”

“இன்னும் ரெண்டு பத்திதான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு, தபித்தாள் கணுக்கால் நனைய நின்ற ஊரின் முன்னால் மணற்பாறையையும் சுண்ணாம்புப் பாறையையும் நடத்தினாள். கடைசியாகப் புதைபடிவங்கள். அந்தப் பத்தியை மட்டும் அவள் இரண்டு தடவை வாசித்தாள்.

மணி அடித்தபோது மழை நின்றிருந்தது. “எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே” என்று ஒருவர் சொன்னார். அதைவிட மோசமாகவும் சிலர் சொன்னார்கள். தபித்தாள் சாக்பீஸைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள். அப்போது பஞ்சவர்ணம் அடுப்பை அணைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்காமல் அதன் ஓரமாகவே நடந்து மேட்டை நோக்கிப் போவதை எல்லோரும் பார்த்தார்கள். பேச்சு ஒவ்வொரு வாயாக நின்றது. அவள் பின்னால் முதலில் பிள்ளைகள் போனார்கள், பிறகு எல்லோரும் போனார்கள்.

மேடு இப்போது மட்டமாக, வரிவரியாக, தகடு தகடாக இருந்தது. பஞ்சவர்ணம் விரலை ஒரு வரியில் நுழைத்துத் தூக்கினாள். நாலு ஆள் தூக்க வேண்டிய தகடு அவள் ஒருத்தி கைக்கு எழுந்து வந்தது. ஐந்தாவது தகட்டின் கீழே வெள்ளைக்கண்ணு இருந்தான். ஒருக்களித்து, ஒரு கையைத் தலைக்குக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவன் கிடந்த மாதிரியே கல்லில் பதிந்திருந்தான். எலும்பு கல்லாகியிருந்தது. பனியனின் ஓட்டைகள் தெரிந்தன, துண்டின் நூலோட்டம் தெரிந்தது, பக்கத்தில் சோற்றுப் பாத்திரம் மூடியோடு ஒரு வட்டமாகத் தெரிந்தது.

அவள் அழவில்லை. குனிந்து, கல்லாகிக் கிடந்த காலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து, ஊரைப் பார்த்து, ஒன்பது வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னாள்.

“எம் புருசன் செத்துப்போனாரு.”

அவள் நல்லதம்பியைத் தேடினாள். அவர் நெல் கிளறும் துடுப்போடு முன்வரிசையில்தான் நின்றார்.

“பஸ்ஸுல ஏறுனதப் பாத்தேன்னீகளே.”

நல்லதம்பி துடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். “பஸ்ஸத்தான் பாத்தேன்.”

சொல்லிவிட்டும் அவர் மேட்டை விட்டுப் போகவில்லை. “கீழயும் பாருங்க,” என்றார். “இன்னும் ரெண்டு பேரு.”

ஏழாவது தகட்டின் கீழே அவர்கள் இருந்தார்கள். ஒருவன் குந்தி உட்கார்ந்து தலைக்கு மேல் கை வைத்திருந்தான். இன்னொருவன் ஓடப் பார்த்தவன். இருவரும் வடக்கேயிருந்து கல்வேலைக்கு வந்தவர்கள். பெயர் என்ன என்று கேட்டதற்கு, ஓடப் பார்த்தவனை நெட்டை என்றும் குந்தியிருந்தவனை இந்திக்காரன் என்றும் கூப்பிட்டோம் என்றார் நல்லதம்பி. அவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டதாக அப்போதே சொல்லப்பட்டது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. வெள்ளைக்கண்ணுக்காகப் பஞ்சவர்ணமாவது கேட்டாள்.

போலீஸ் வந்தது. யாரும் கூப்பிடும் முன்பே நல்லதம்பி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். குவாரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் மருத்துவமனையில் சேர்ந்துகொண்டார், பிறகு அங்கிருந்து அவரையும் கொண்டுபோனார்கள். குவாரிக்குச் சீல் வைத்தார்கள். வெள்ளைக்கண்ணைத் தகட்டோடு தூக்கிப்போய் ஊர் அடக்கம் செய்தது. அன்று பஞ்சவர்ணத்தை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வளையலை உடைக்க வந்த பெண்களிடம், “அதெல்லாம் நான் ஒம்பது வருசமா ஒடச்சிட்டேன், விடுங்க,” என்றாள், அவர்கள் விட்டுவிட்டார்கள். பதினேழாம் நாள் பெரிய பொட்டோடு சமையலுக்கு வந்தாள். அதை எடுக்கச் சொல்லி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தபித்தாளுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ‘பாடத்திட்டத்தில் உள்ளதை நடத்தினேன்’ என்று ஒரு வரியில் பதில் எழுதினாள். வற்றல் டப்பா வருவது நின்றது. வேலைக்கு வெளியூர் போகும் ஆண்கள் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பினார்கள். நம்ம டீச்சர் என்றவர்கள், அந்த டீச்சர் என்றார்கள். அவள் எதிர்பார்த்தது போலவே அது வலித்தது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு அவள் அதிலிருந்து ஓட நினைக்கவில்லை.

ஐப்பசியில் ஊர் தானாகவே அவளிடம் வந்தது. அருள்வாசகம் முன்னால், அம்பலம் பின்னால். உருமாறிய பாறையில் பளிங்கு வரும் என்று புத்தகத்தில் போட்டிருப்பதை இதற்குள் எல்லோரும் படித்திருந்தார்கள்.

“மூணாவதையும் முடிச்சிருங்க டீச்சர்,” என்றார் அருள்வாசகம். “நானே எழுத்துல தர்றேன்.”

“பளிங்கு மலைன்னா ஊரு பொழச்சுக்கிரும்,” என்றார் அம்பலம். “உங்களப் பேசுனதெல்லாம் மனசுல வச்சுக்கிறாதீக.”

“நடத்த முடியாது சார்.”

“ஏன்?”

“உருமாறிய பாறைன்னா, பாரமும் சூடும் அழுத்தி அழுத்தி, பழைய கல்லு வேற கல்லா மாறுறது. மாறும்போது அதுல இருந்த அடுக்கு, அச்சு, எல்லாம் அழிஞ்சுபோகும். அந்த ரெண்டு பேரும் இன்னும் மேட்டுலதான் இருக்காங்க. வீட்டு ஆளுங்க வந்து பார்த்து, இது எங்காளுன்னு சொல்ற வரைக்கும் நான் அந்தப் பக்கத்தைத் திருப்ப மாட்டேன்.”

“யாரு வரப்போறா? பேரே தெரியல,” என்றார் அம்பலம்.

சமையலறை வாசலில் பஞ்சவர்ணம் நின்றாள். “எனக்கும் எவன் வரப்போறான்னுதான் சொன்னீக,” என்றாள். குரலில் கோபமில்லை. அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் மேட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, “மழைக்கு ஒரு தகரமாவது போடணும்ல அதுக்கு மேல,” என்றார். மறுநாள் போட்டார்கள். ஊர்ப் பொதுப் பணத்தில் போட்டார்கள்.

தபித்தாள் வடக்கே உள்ள ஊராட்சிகளுக்குக் கடிதம் எழுதினாள். ஒடிசாவுக்கு, ஜார்க்கண்டுக்கு, பீகாருக்கு; ஒன்பது வருடத்துக்கு முன் தெற்கே கல்வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள் இருந்தால் என்று தொடங்கும் கடிதம். பிள்ளைகள் இந்தியில் எழுதத் தெரிந்த லாரி டிரைவர்களைப் பிடித்துவந்து மொழிபெயர்த்து எழுதி வாங்கினார்கள். மார்கழியிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். தனியாகவும், தம்பியோடும், வளர்ந்த மகளோடும், ரயிலிலும் பஸ்ஸிலும் இரண்டு மூன்று நாள் பயணம் செய்து வந்து, தகரத்தின் கீழே உட்கார்ந்து, கல்லில் இருந்த கைகளின் மேல் தங்கள் கையை வைத்து அளந்து பார்த்தார்கள். இல்லை என்று தலையசைத்துவிட்டு எழுந்தவர்கள் ஆறுதலோடு போனார்களா, ஆறுதல் இல்லாமல் போனார்களா என்று தபித்தாளால் கண்டுபிடிக்க முடியவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் பஞ்சவர்ணம் சோறு போட்டாள். பாஷை தெரியாததால் இரண்டாம் தடவை வேண்டுமா என்று கேட்காமலே போட்டாள். முன்பு வேறு பக்கம் திரும்பிய வீடுகளிலிருந்து அரிசி வந்தது, காய் வந்தது, இரவு தங்க ஒரு பாய் வந்தது.

தை மாதம் பிறந்து சில நாளில், ஒடிசாவிலிருந்து வந்த ஒருத்தி ஓடப் பார்த்தவனின் இடது காலைப் பார்த்தாள். சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறியிருந்தது. அவள் தன்னோடு வந்த பையனின் செருப்பைக் கழற்றச் சொல்லி அவன் காலைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அதே விரல், அதே ஏற்றம். நெட்டை என்று கூப்பிடப்பட்டவனின் பெயர் ரங்காதர் என்பது நத்தைக்குன்றுக்கு அப்படித்தான் தெரியவந்தது. குந்தி உட்கார்ந்திருந்தவனைத் தன் ஆள் என்று சொல்ல யாரும் வரவில்லை.

மாசியில் ஆண்டாய்வு. மாவட்டத்திலிருந்து வந்த ஆய்வாளர், கண்ணாடி போட்ட, அவசரமே இல்லாத மனிதர், ஒன்பதாம் வகுப்பு நோட்டுகளைப் புரட்டிக்கொண்டே வந்து, பாறைகள் பாடத்தில் நின்றார்.

“பாறைகள் எத்தனை வகை?”

“மூணு சார்,” என்றது வகுப்பு.

“என்னென்ன?”

“தீப்பாறை, படிவுப் பாறை.”

“மூணாவது?”

வகுப்பு தபித்தாளைப் பார்த்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “அது இன்னும் நடத்தல சார். ஆள் வரல.”

ஆய்வாளர் இதை ஏதோ ஆசிரியர் பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டார். “இதுக்கு எதுக்கும்மா ஆள்? நானே சொல்றேன்,” என்று சாக்பீஸை எடுத்துக் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ‘உரு’ என்று எழுதினார். முப்பத்தேழு பிள்ளைகளும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். தபித்தாள் போய் அவர் கையிலிருந்த சாக்பீஸை மரியாதையாக வாங்கிக்கொண்டாள்.

“கொஞ்சம் என்கூட வாங்க சார். பக்கத்துலதான்.”

வெயிலில் நடந்து தகரத்தின் கீழே போனார்கள். ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தலைக்கு மேல் கை வைத்துக் குந்தியிருந்தவனை வெகுநேரம் பார்த்தார்.

“இவர் பேரு?”

“தெரியல சார்.”

அவர் செருப்பைக் கழற்றினார். முழங்காலை மடக்கிக் குனிந்து, அதுவரை வந்து போன பெண்களைப் போலவே, தன் கையை அந்தக் கையின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, ஆய்வுக் குறிப்பேட்டைத் திறந்து, நின்றபடியே எழுதினார்: ‘ஒன்பதாம் வகுப்பு, சமூக அறிவியல். பாறைகள் பாடம் முடிக்கப்படவில்லை. காரணம் நேரில் பார்க்கப்பட்டது.’